கப்பல் நிற்காத தீவுகள்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு மூன்று நாள் கடல் வழி. ஐ.ஐ.டி. வகுப்பறையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன ஒரு மாணவர். யாரும் கால் வைக்கக் கூடாத ஒரு கரை.

கப்பலில் எதிர்ப் படுக்கைக்கு வந்த அம்மாள், உட்காருவதற்கு முன்பே துணிக்கடைப் பைகளை எண்ணிப் பார்த்தார். நான்கு. மூன்றைக் காலடியில் அடுக்கினார். நான்காவதைத் தலைமாட்டில் வைத்து, அதன்மேல் தலையணையைப் போட்டு மறைத்தார். முகூர்த்தப் புடவை அதில்தான் இருக்க வேண்டும். எல்லாப் பைகளிலும் உஸ்மான் ரோடு விலாசம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஜவுளி எடுக்க தி.நகருக்கு வந்துவிட்டு போர்ட் பிளேருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான்.

"சார் எதுக்காகப் போறீங்க?"

"தீவையெல்லாம் பார்க்கலாம்னுதாம்மா."

"மெயின்லேண்ட்லேருந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று சிரித்தவர், எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு ஒன்றை நீட்டினார். "வாயில அடக்கிக்குங்க, கப்பல் ஆடும்போது குமட்டாது. தீவு எங்கயும் ஓடிப்போயிடாது. ஆனா எல்லாத் தீவையும் பார்க்க விடமாட்டாங்க. அதையும் இப்பவே தெரிஞ்சுக்குங்க."

ஊறுகாய் அன்றிரவே உதவியது. மற்றது புரிய நாளாயிற்று.

அறுபது மணி நேரம்

தி.நகர், மயிலாப்பூர் டிராவல்ஸ் போர்டுகளில் அந்தமான் என்றால் ஐந்து பகல், நான்கு இரவு. விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். கப்பலில் போக விரும்புகிறவர்கள் பாரிமுனைப் பக்கம், ராஜாஜி சாலையில் இருக்கும் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தூரம் 1,190 கிலோமீட்டர். கடல் சாதுவாக இருந்தால் சுமார் அறுபது மணி நேரம். 'நான்கௌரி', 'நிக்கோபார்', 'ஸ்வராஜ் தீப்' என்று பல்லாண்டுகளாக இந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களின் பெயர்கள், தீவுத் தமிழர்கள் பேச்சில் வீட்டு மனிதர்களின் பெயர்கள் மாதிரி வந்து போகும். மேல்தளங்களில் டீலக்ஸ் கேபின், அதற்கடுத்து முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அடியில் பங்க் கிளாஸ்: அடுக்கு அடுக்காகப் படுக்கைகள், நூற்றுக்கணக்கான மனிதர்கள், டீசல் வாடை, கைக்குழந்தைகளின் அழுகை, எங்கோ ஒரு போனில் இளையராஜா.

சென்னைக்குக் கடல் பயணம் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' 1973 வரை மெட்ராஸுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதில் போய்வந்த கதையை மயிலாப்பூர்த் திண்ணைகளில் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சிங்கப்பூர்க் கப்பல் என்ற சொல் அத்துடன் வழக்கொழிந்தது. 2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது, நீச்சல் குளமும் பஃபே சாப்பாடுமாகக் கடல் மறுபடி நடுத்தர வர்க்கத்தின் ஆசைப் பட்டியலில் ஏறியது.

இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உலகத்தில் இருக்கிறது. எக்ஸ்பெடிஷன் குரூஸ் என்கிறார்கள். சின்னக் கப்பல், கூடவே இயற்கையியலாளர்கள், ஆளரவமற்ற தீவுகளின் பக்கம் நிறுத்தி ரப்பர் படகில் கரைக்கு அழைத்துப் போவார்கள். லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்ற பயண ஏற்பாட்டாளர் 1966-ல் அண்டார்டிகாவுக்கும் மறு வருஷம் கலாபகோஸ் தீவுகளுக்கும் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போனதிலிருந்து இது ஒரு தொழிலாக வளர்ந்தது. கலாபகோஸ் பிழைத்துக் கிடப்பது அங்கே போட்ட கட்டுப்பாடுகளால். ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. ஒரு வழிகாட்டியின் பின்னால் 16 பேருக்கு மேல் நடக்கக் கூடாது. வந்த கப்பல் அதே இடத்துக்குப் பதினான்கு நாளைக்குள் திரும்ப வரக் கூடாது. டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்களும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

நம் கப்பலில் இயற்கையியலாளர் கிடையாது. சாப்பாட்டுக் கூப்பனோடு வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

கடிகாரத்துக்கு முன்னால் விடியும் ஊர்

இரண்டாம் நாள் காலை மேல்தளத்தில் காற்று மட்டும் இருந்தது. கப்பல் கிழித்துப்போகும் நீரிலிருந்து பறவைக் கோலா மீன்கள் வெள்ளி ஊசிகளாகத் தெறித்து, அலைக்கு ஓரடி மேலே நீண்ட தூரம் பறந்துபோய் விழுந்தன. மூன்றாம் நாள் கண் விழித்தபோது போனில் ஐந்து மணிதான்; வெளியே நல்ல வெளிச்சம். சென்னையும் அந்தமானும் கடிகாரத்தில் ஒரே நேரம். ஆனால் தீர்க்கரேகையில் பன்னிரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம், அதாவது சூரியனுக்கு ஐம்பது நிமிஷம். அடையாறில் பால் பாக்கெட் வருகிற நேரத்துக்கு அங்கே வெயில் ஏறியிருக்கும். விமானத்தில் வருகிறவர்களுக்கு இது ஒரு தகவல். கப்பலில் வருகிறவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறும்.

இந்தக் கடலைத் தமிழ் ஆயிரம் வருஷங்களாக அறியும். முதலாம் ராஜேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் நக்கவாரம் வருகிறது. அதுதான் நிக்கோபார். அதற்கும் முன்னால் மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் இருக்கிறான். கப்பல் உடைந்து, ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, நாகர்கள் வாழும் மலைக் கரையில் ஒதுங்குகிறான். ஆடையற்ற அந்த மனிதர்கள் அவனைத் தின்ன நெருங்குகிறார்கள். அவர்கள் பாஷையை அவன் பேசுகிறான், பிழைக்கிறான். அந்தத் தீவு நிக்கோபார்தான் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. எந்தத் தீவானால் என்ன, அறிமுகமில்லாத கரையில் ஒருவனைக் காப்பாற்றக்கூடியது அந்த ஊர்ப் பேச்சு என்பது நம் காப்பியக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இடது பக்கம் ஒரு தீவு

சென்னையிலிருந்து போகும் கப்பல் தெற்கு அந்தமானைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகும். அப்போது இடது பக்கம், தொலைவில், வட சென்டினல் தீவு இருக்கிறது. பைனாகுலரோடு வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், மயிலாப்பூர்க்காரர், கைப்பிடிக் கம்பியோரமாக ஒரு மணி நேரம் நின்றார். "தெரியறதா சார்?" என்றேன். "மேகமா தீவான்னு சொல்லத் தெரியல" என்றார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தெரியாமலிருப்பதே நல்லது என்பதற்கு அந்தத் தீவின் வரலாறு சாட்சி. 1880-ல் மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தார். பெரியவர்கள் இருவரும் நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழந்தைகளோடு என்னென்ன கிருமிகள் போயினவோ. வெளி உலகம் என்றால் என்ன என்று சென்டினல்காரர்கள் அன்று கற்ற பாடம் அது.

பெரிய அந்தமானியர்கள் என்று அழைக்கப்படும் மக்கள் கதை இன்னும் கசப்பு. 1858-ல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பு அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், இன்று சில டஜன் பேர். அவர்களுடைய 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷியான மூத்த போவா 2010 ஜனவரியில் இறந்தார். அவரோடு அந்த மொழியும் போயிற்று. மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்தது மிச்சம்.

இந்தியா கொஞ்சம் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டது. பழங்குடிகளைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் மானுடவியலாளர்கள் தேங்காய் மூட்டையோடு சென்டினல் கரைக்குப் படகில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1991 ஜனவரியில் முதல் தடவையாகத் தீவுக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவந்து தேங்காயைக் கையால் வாங்கினார்கள். அந்தக் குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் ஆய்வாளரும் இருந்தார். அதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடிய அரசே, சில வருஷங்களில் இந்தப் பயணங்களை நிறுத்தியது. சளி, அம்மை போன்ற சாதாரண நோய்களே ஒரு தீவைக் காலி செய்யப் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு நலம் அறியப்போன ஹெலிகாப்டரைப் பார்த்து ஒருவர் கரையில் நின்று வில்லை வளைத்தார். நன்றாக இருக்கிறோம், போய்விடுங்கள் என்று அதற்குப் பொருள்.

2018 நவம்பரில் மதம் போதிக்கச் சட்டத்தை மீறிக் கரையேறிய அமெரிக்க இளைஞர் ஒருவர் அம்புகளுக்கு இரையானார். 2025-ல் இன்னொரு அமெரிக்கர் ஒரு குளிர்பான டப்பாவையும் தேங்காயையும் கரையில் வைத்துவிட்டு வந்து கைதானார். சாதுவனும் தீவில் அறம் போதித்தான்தான். ஆனால் அவன் தேடிப்போனவன் அல்ல, ஒதுங்கியவன். கேட்டவர்களின் பேச்சும் அவனுக்குத் தெரியும்.

கிண்டியிலிருந்து நடந்தவர்

அப்படியானால் தீவைப் பார்க்கவே கூடாதா? பார்த்த ஒருவர் இருந்தார். அவர் கதை தென்சென்னையில் தொடங்குகிறது.

சதீஷ் பாஸ்கர் கேரளத்துச் சேராயில் 1946-ல் பிறந்தவர். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தார். வகுப்பறையைவிடக் கடற்கரை பிடித்துப்போயிற்று, படிப்பை முடிக்கவில்லை. பக்கத்திலேயே கிண்டியில் ரோமுலஸ் விட்டேக்கர் நடத்திவந்த பாம்புப் பண்ணை. எழுபதுகளில் மெட்ராஸில் பாம்பு, முதலை, ஆமை என்று பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த மடம் அது. நம் கரைகளில் எந்தெந்தக் கடலாமை எங்கெங்கே முட்டையிடுகிறது என்று அப்போது யாரும் முறையாகப் போய்ப் பார்த்திருக்கவில்லை. பாஸ்கர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார் என்றால், நடந்தார். 1977 தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷங்களில் இந்தியக் கடற்கரைகளிலும் தீவுகளிலும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார். லட்சத்தீவு, அந்தமான், நிக்கோபார் என்று பெரும்பாலும் தனியாக. மணலில் பதிந்த தடத்தின் அகலத்தைப் பார்த்தே ஆமையின் இனம் சொல்வார்கள் இந்தத் துறைக்காரர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கரையேறுவது பங்குனி ஆமை. தீவுகளில் பேராமை, அழுங்காமை. எல்லாவற்றிலும் பெரியது ஏழுவரி ஆமை: ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள், அரை டன் எடை, சாப்பிடுவது சொறி மீன். பெரிய நிக்கோபாரின் கரைகளில் அது பெருமளவில் முட்டையிடுகிறது என்பதை உலகம் அறிந்ததில் பாஸ்கரின் நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

1982-ல் அவர் செய்ததைக் கேட்டால் இன்றைய பயணக் காணொளிக்காரர்கள் வெட்கப்படுவார்கள். லட்சத்தீவில் சுஹேலி வலியகரா என்ற ஆளில்லாத் தீவு. பேராமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவத்தில்; அந்த மாதங்களில் எந்தப் படகும் அங்கே போகாது. அதனால் மழைக்கு முன்பே போய் இறங்கி, மழை முடியும்வரை தனியாக இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. தபால் கிடையாது. ஜூலையில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு அடைத்து, கடலில் எறிந்தார். பருவக் காற்று காலத்தில் அரபிக்கடல் நீரோட்டம் குமரி முனையைச் சுற்றிக் கிழக்கே ஓடும். இருபத்து நான்கு நாளில் பாட்டில் இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் அந்தக் கடிதத்தோடு தன் கடிதம் ஒன்றையும் வைத்துத் தபாலில் சேர்த்தார். அது வீடு வந்து சேர்ந்தது.

அவர் இந்தோனேசியாவின் பப்புவாவுக்குப் போய் எழுநூறு ஏழுவரி ஆமைகளுக்கு அடையாள வில்லை பொருத்தினார். தெற்கு அந்தமானின் வண்டூரில் சென்னை முதலைப் பண்ணை ஏற்படுத்திய ஆய்வு நிலையத்துக்கு இன்று போகும் இளம் ஆய்வாளர்கள் அவருடைய பழைய அறிக்கைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் காலமானார். பெசன்ட் நகரில் அவர் பெயரில் தெரு இல்லை.

4,000 கிலோமீட்டர் நடந்தவர் எந்தத் தீவிலும் சாகசம் தேடவில்லை என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இரவில் தடம் பார்த்தார், எண்ணினார், எழுதினார். சொகுசுக் கப்பலால் விற்க முடியாத ஒன்று அது: காத்திருப்பு.

பானை செய்யும் தீவு, மூழ்கிய முனை

நிக்கோபாருக்கு நான் போகவில்லை. பெரும்பாலான தீவுகள் பழங்குடி ஒதுக்கிடம். அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. போகாமலே கேட்டுத் தெரிந்துகொண்டவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது சௌரா. மிகச் சின்னத் தீவு. நிக்கோபார் முழுவதற்கும் பானை செய்து கொடுக்கும் உரிமை மரபாக அதற்குத்தான். ஆனால் பானைக்கேற்ற மண் சௌராவில் கிடையாது! பக்கத்துத் தெரேசா தீவிலிருந்து படகில் மண் கொண்டுவந்து, சக்கரம் இல்லாமல் பெண்கள் கையாலேயே வனைவார்கள். மண் ஒருவரிடம், கை ஒருவரிடம் என்று வைத்தால் இரண்டு தீவும் பகையில்லாமல் இருந்துதானே ஆக வேண்டும்?

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் தமிழ் கேட்கும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றை அரசு அங்கே குடியமர்த்தியது. தேயிலைத் தீவிலிருந்து ரப்பர் தீவுக்கு.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. சில நிமிஷங்களில் நிக்கோபார் ஊர்கள் போயின. அதே அலை ஒன்பது மணி வாக்கில் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் ஏறியது. கப்பலுக்கு மூன்று நாள் பிடிக்கும் கடலை அலை சில மணி நேரத்தில் கடந்துவிட்டது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்கியது; 1972-ல் கட்டிய கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்கிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் ஏழுவரி ஆமை முட்டையிட்ட மணலும் போயிற்று. சில வருஷங்களில் கடலே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. ஆமைகளும் வந்தன.

சின்ன அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய ஏழுவரி ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைப் பக்கமும், சில ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கமும் போயின. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியது. உண்மையான எக்ஸ்பெடிஷன் அதுதான்.

ஏழுவரி ஆமைகள் திரும்பி வரும் கலாத்தியா விரிகுடாவில்தான் இப்போது சரக்கு மாற்றுத் துறைமுகம் வரப்போகிறது. 2021 ஜனவரியில் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம் எல்லாம் சேர்த்து 72,000 கோடி ரூபாய் என்று அப்போது மதிப்பிட்டார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகப் போகும். காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் தேவை என்கிறது அரசு. முன்பு ஒப்புதல் தந்த பழங்குடி மன்றம் 2022-ல் அதைத் திரும்பப் பெற்றது. எல்லாக் கப்பல்களும் நிற்கும் கரையாக ஒரு தீவு மாறும்போது, காத்திருந்து வருகிறவை எங்கே போகும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

குதிகாலால் ஒரு கோடு

ஊர் திரும்பிய பிறகு, பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் நடந்தேன். எழுபதுகளில் பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய ஆமை நடை இது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திவருகிறது. முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை அவர்கள்தான் ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

இரண்டரை மணிக்கு ஓர் ஆமை கரையேறியது. டார்ச்சுகள் அணைந்தன. எங்களில் சிலர் போனைத் தூக்கினார்கள். கல்லூரிப் பையன் ஒருவன், பத்தொன்பது இருபது வயதிருக்கும், எதுவும் பேசாமல் எங்கள் முன்னால் வந்து, குதிகாலால் ஈர மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தான்.

"இதுக்கு மேல வேணாங்க."

முப்பது பேர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இருட்டில் மணல் வாரி இறைபடும் சத்தம் மட்டும் கேட்டது. கப்பலில் ஊறுகாய் கொடுத்த அம்மாளின் பெண்ணுக்கு இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அது குழியை மூடி, கோட்டை ஒரு முறைகூடத் தாண்டாத எங்களை லட்சியம் செய்யாமல், கடலுக்குத் திரும்பியது.